கொப்புளத்தின் மேல் பெயின்ட் அடிக்காதீர்கள்

சென்ற வாரம் பட்டறைக்கு வந்த ஒரு வெள்ளைக் காரின் பின்கதவைத் திறந்து, அதன் கீழ் விளிம்பை விரல் கணுவால் தட்டிக்கொண்டே வந்தேன். பாதி தூரம்வரை தகடு கணீரென்று ஒலித்தது; அதற்கப்புறம் ஒரு சாண் நீளத்துக்குச் சுவரைத் தட்டியதுபோல மொத்தென்று கேட்டது. அந்த இடத்தில் ஸ்க்ரூடிரைவரின் முனையை வைத்து லேசாக அழுத்தியதும், பெயின்டும், அதற்கடியில் மேடுபள்ளம் நிரப்பப் பூசியிருந்த பட்டியும் ஒன்றாகச் சேர்ந்து ஓட்டுத்துண்டு போலப் பெயர்ந்து விழுந்தன. பின்னால் தகடு என்று சொல்ல எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. ஈர மண்ணும், மக்கிய இலைத் துணுக்குகளும், ஏடு ஏடாக உரிந்த செம்பழுப்புச் செதில்களும்தான் இருந்தன. "நாலு மாசம் முன்னாடிதானே சார் இந்த இடத்துக்குப் பெயின்ட் அடிச்சேன்" என்றார் உரிமையாளர். அவர் சொன்னது உண்மைதான். பெயின்ட் அடித்திருந்தார்கள், நிறமும் அப்பழுக்கில்லாமல் பொருந்தியிருந்தது, துருவை மட்டும் யாரும் எடுக்கவில்லை. ஒரே மாதத்தில் இப்படி நான் பிரித்துப் பார்த்த மூன்றாவது கதவு அது என்பதால், ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதை எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

துருவின்மேல் பெயின்ட் அடித்துவிட்டால் காற்றும் தண்ணீரும் உள்ளே போகாது, ஆகவே துரு அங்கேயே நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். வண்டியைக் கண்ணும் கருத்துமாக வைத்திருப்பவர்களிடமும், சொல்லவே கூச்சமாக இருக்கிறது, இதே தொழிலில் இருப்பவர்கள் சிலரிடமும் இந்த நம்பிக்கையைப் பார்க்கிறேன். துருவைத் தகட்டின்மேல் வந்து படிந்த கறை என்று நினைப்பதிலிருந்துதான் இந்தத் தவறு தொடங்குகிறது. தகடே அப்படி மாறியிருக்கிறது. இரும்பு தண்ணீரோடும் ஆக்சிஜனோடும் சேர்ந்து துருவாகும்போது முன்பிருந்ததைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால்தான், மேலிருக்கும் பெயின்ட் எழும்பிக் கொப்புளமாகிறது. அந்தத் துரு நுண்துளைகள் நிறைந்தது. ஈரத்தையும், சாலையிலிருந்தோ கடற்காற்றிலிருந்தோ வந்த உப்பையும் பஞ்சு போலத் தன்னுள் பிடித்துவைத்திருக்கிறது. அதன்மேல் நீங்கள் பூசும்போது துருவுக்கு வேண்டியதையெல்லாம் உள்ளே வைத்தே மூடுகிறீர்கள். அதோடு, எந்தப் பெயின்ட் படலமும் நீராவியையும் ஆக்சிஜனையும் சிறிதளவாவது உள்ளே விடத்தான் செய்யும். இவை இரண்டையும் ஏற்க மனமில்லாதவர்களுக்கு மூன்றாவதாக ஒன்று சொல்வேன்: பெயின்ட் துருவைத்தான் பிடித்துக்கொள்கிறது, அந்தத் துருவோ தகட்டை விட்டு ஏற்கெனவே கழன்றுகொண்டிருக்கிறது. உதிரும் சுவரில் வெள்ளையடித்தவர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. கதவின் அடியிலும் சக்கர வளைவின் உதட்டிலும் வருகிற கொப்புளங்களில் பெரும்பாலானவை வெளியிலிருந்து தொடங்கியவை அல்ல. தகட்டின் பின்புறத்திலிருந்து அரித்துக்கொண்டு வந்து, கடைசியாக வெளியே தலை காட்டுபவை. கார்க் கதவுக்குள் தண்ணீர் போவதே இல்லை என்று நினைப்பவர்களுக்கு ஓர் எளிய சோதனை சொல்கிறேன். கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டு, அதன் வெளிப்பக்கம் ஒரு குவளைத் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். கண்ணாடியின் அடியிலுள்ள ரப்பரைத் தாண்டி ஒரு பங்கு கதவுக்குள் இறங்கி, சிறிது நேரத்தில் கதவின் அடிவிளிம்பிலுள்ள துளைகள் வழியாகச் சொட்டும். கதவை வடிவமைத்தவர்களே தண்ணீர் உள்ளே வரும் என்று தெரிந்துதான் அந்தத் துளைகளை வைத்திருக்கிறார்கள். சொட்டவில்லை என்றால் தண்ணீர் உள்ளே தங்குகிறது என்று பொருள். வெளித்தகட்டின் விளிம்பு உட்சட்டத்தின்மேல் மடித்து அழுத்தப்பட்டிருக்கும் அந்த மடிப்புக்குள் ஈர மண் உட்கார்ந்துவிட்டால், வெளியே எத்தனை முறை பளபளவென்று பெயின்ட் அடித்தாலும் அது தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். துத்தநாகம் பூசிய தகடு என்றால் தனக்குக் கவலையில்லை என்று ஒருவர் வாதிட்டார். துத்தநாகம் இரும்புக்கு முன்னால் தன்னைக் கரைத்துக்கொண்டு காலத்தைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான்.

காரில் தெரியும் பழுப்புப் புள்ளிகள் எல்லாமே துருப்பிடித்த தகடு என்று பயப்படவும் வேண்டாம். வெள்ளைக் கார்களில் குண்டூசித் தலை அளவில் ஆரஞ்சு நிறப் புள்ளிகள் சிதறிக் கிடப்பதைப் பார்த்து, முழு வண்டிக்கும் பெயின்ட் அடிக்க வேண்டுமா என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் அவை பிரேக்கிலிருந்தும் தண்டவாளத்திலிருந்தும் கிரைண்டரிலிருந்தும் பறந்து வந்து நிறத்துக்கு மேல் பூசும் நிறமற்ற கிளியர் கோட்டில் குத்தி உட்கார்ந்த இரும்புத் துகள்கள். உங்கள் தகட்டுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. (எங்கள் பட்டறையில் கிரைண்டர் ஓடும்போது பக்கத்து வண்டியைப் போர்த்தி வைப்பது இதற்காகத்தான்.) கழுவித் துடைத்த பிறகு விரலால் தடவினால் சொரசொரவென்று இருக்கும். இரும்புத் துகளைக் கரைக்கும் திரவத்தைத் தெளித்தால் ஊதா நிறமாகி வழியும், மிச்சத்தைக் களிமண் கட்டி போன்ற கிளே பார் எடுத்துவிடும். அதேபோல், கழுவிய மறுநாள் காலையில் பிரேக் டிஸ்க்கில் படிந்திருக்கும் துரு நாலு முறை பிரேக் பிடித்தால் போய்விடும்.

பானட்டின் முன்விளிம்பில் கல்பட்டுத் தெறித்த புள்ளிகளை உடனே கவனியுங்கள். பள்ளத்துக்குள் சாம்பல் நிற ப்ரைமர், அதாவது அடிப்பூச்சு, தெரிந்தால் டச்-அப் பெயின்டே போதும். பளிச்சென்று உலோகம் தெரிந்தால் முதலில் ஒரு சொட்டு ப்ரைமர், அது காய்ந்த பிறகு நிறம். சிவந்திருந்தால் கூர்மையான முனையால் சுரண்டி, உலோகம் வெளுத்துத் தெரியும்வரை சுத்தம் செய்த பிறகே மற்றது எல்லாம். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் பட்டையில் பல வண்டிகளில் நிறத்தின் குறியீடு இருக்கும். அதைச் சொல்லி வாங்குங்கள், கண்மதிப்பில் வாங்காதீர்கள். ஒரே சொட்டாகப் பொட்டு வைத்ததுபோல் வைக்காமல், மெல்லிய தூரிகையால் இரண்டு மூன்று முறை, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு வையுங்கள். நகப்பூச்சு வைத்துவிட்டு வருகிறவர்களிடம் நான் இப்போதெல்லாம் எதுவும் சொல்வதில்லை.

கொப்புளம் வந்துவிட்ட இடத்தில் குறுக்குவழி கிடையாது. பெயின்ட் எழும்பியிருக்கும் எல்லையோடு நிறுத்தாமல், சுற்றிலும் நல்ல பெயின்டுக்குள்ளேயும் சில விரற்கடை தூரம் தேய்த்துப் போக வேண்டும். ஏனென்றால் துரு பெயின்டுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் ஓடியிருக்கும். 80 எண் உப்புத்தாளில் தொடங்கிப் பளபளக்கும் உலோகம் வரும்வரை தேய்க்க வேண்டும். அப்போதும் தகட்டின் குழிகளுக்குள் கரும்புள்ளிகள் மிஞ்சினால், பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ கலந்த துரு மாற்றியை அங்கே பயன்படுத்தலாம்; எஞ்சிய துருவை அது வேறொரு சேர்மமாக மாற்றிவிடும். ஆனால் உதிரும் துருவின்மேல் அதைத் தடவிவிட்டுக் கறுத்துவிட்டது, குணமாகிவிட்டது என்று நம்புவது பழைய கதைதான். இரும்புக் கம்பிப் பஞ்சால் தேய்க்காதீர்கள்; உடைந்து ஒட்டிக்கொள்ளும் அதன் இழைகளே நாளைக்குத் துருப்பிடிக்கும். வெறும் உலோகத்தைத் தண்ணீர் தொட்டுத் தேய்ப்பதும் கூடாது, வெறுங்கையால் தொடுவதும் கூடாது. ஈரப்பதமான ஓர் இரவு போதும், காலையில் அதன்மேல் கைரேகை மஞ்சளாகத் தெரியும். ஆகவே தேய்த்த அன்றே எபாக்சி ப்ரைமர் ஏற வேண்டும்.

பட்டி அதற்குப் பிறகுதான், அதுவும் தேவைப்பட்டால்தான். சாதாரணப் பாலியஸ்டர் பட்டி ஈரத்தை உறிஞ்சக்கூடியது. நசுங்கிய நல்ல தகட்டைச் சமப்படுத்த மெல்லிசாகப் பூசுவதற்கான அதை, ஓட்டையை அடைக்கும் சாந்து போலப் பயன்படுத்துகிறார்கள். ப்ரைமர் விஷயத்திலும் இதே குழப்பம். "ப்ரைமர் அடிச்சாச்சு, பெயின்ட் அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று சாம்பல் நிறத் திட்டுகளோடு மழையில் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள், சாதாரண ப்ரைமர் தண்ணீரை உள்ளே விடும் என்பதை அறிந்திருப்பதில்லை. அவர்கள் திரும்பி வரும்போது ப்ரைமரை எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

தகட்டில் ஓட்டை விழுந்துவிட்டால் அழுகிய பகுதியை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வதுதான் வழி. வெல்டிங்கின் சூடு பின்புறத்திலிருந்த பூச்சையெல்லாம் எரித்துவிடும் என்பதால், வேலை முடிந்ததும் உட்புறத்தில் மெழுகுப் பூச்சைத் தெளிக்காத வெல்டிங் அரைகுறை வேலை. கதவுகளுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம்வரை ஓடும் பெட்டி போன்ற பகுதி, ஜாக்கி வைக்கும் இடம், சஸ்பென்ஷன் பிடிப்புகள், சீட் பெல்ட் முடுக்கப்பட்டிருக்கும் தரை ஆகியவற்றில் துரு தெரிந்தால் அதை அழகுப் பிரச்சினையாக எண்ணித் தள்ளிப்போடாதீர்கள். மோதலின்போது உங்களைக் காப்பாற்ற வேண்டிய உறுப்புகள் அவை. அங்கே பட்டியும் ஃபைபரும் வைத்துக் கறுப்புப் பெயின்ட் அடித்துக் கொடுப்பவரிடம் வண்டியைத் திரும்ப விடாதீர்கள்.

துருவைப் பற்றிய அலட்சியத்துக்கு நேர்மாறாக, பெயின்ட் மங்குவதைப் பற்றி அளவுக்கு மீறிய பதற்றம் இருக்கிறது. பளபளப்பு குறைந்தால் பாலிஷ், கோடு விழுந்தால் பாலிஷ், பண்டிகை வந்தால் பாலிஷ். தொழிற்சாலையில் பூசப்படும் எல்லா அடுக்குகளும் சேர்ந்தே பொதுவாக 100 முதல் 150 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதில் மேலேயுள்ள கிளியர் கோட் ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரான், அதாவது ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. காம்பவுண்ட் என்னும் தேய்ப்புப் பசையைப் போட்டு மெஷினால் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் அதிலிருந்துதான் கொஞ்சம் கரைகிறது. விளிம்புகளிலும் மடிப்புகளிலும் படலம் இன்னும் மெலிதாக இருப்பதால் முதலில் அங்கேதான் அடிநிறம் எட்டிப் பார்க்கும். கூரையிலும் பானட்டிலும் கிளியர் கோட் வெள்ளை வெள்ளையாகச் செதில் உரியத் தொடங்கிவிட்டால் எந்தப் பாலிஷும் அதை ஒட்டவைக்காது. தேய்த்து எடுத்து மறுபடி பூச வேண்டியதுதான். ஆனால் கிளியர் கோட் இல்லாத பழைய வகைப் பெயின்டில், தேய்க்கும் துணியிலேயே வண்டியின் நிறம் ஒட்டிக்கொள்ளும். சுண்ணாம்பு பூத்ததுபோல் மங்கிய அந்த வகை, கவனமாகப் பாலிஷ் செய்தால் நன்றாகவே மீளும்.

செராமிக் கோட்டிங் செய்திருக்கிறேன், துரு வராதல்லவா என்று கேட்கிறார்கள். வரும். அந்தப் பூச்சு அழுக்கு ஒட்டாமலும் கழுவ எளிதாகவும் வைக்கும். கல் தெறிப்பதைத் தடுக்காது, கதவு மடிப்புக்குள் போகவும் போகாது. அடிப்பாகத்துக்கு அடிக்கும் கறுப்புக் கோட்டிங்கும் சுத்தமான உலோகத்தின்மேல் அடித்தால் மட்டுமே பயன் தரும். துருவின்மேல் அடித்தது நாளடைவில் இறுகி வெடித்து, வெடிப்பு வழியே புகும் தண்ணீரைப் பையில் கட்டியதுபோல் வைத்துக்கொள்ளும். அவசரத்தில் அடிப்பவர்கள் வடிகால் துளைகளையும் சேர்த்தே அடைத்துவிடுகிறார்கள். பழைய என்ஜின் ஆயிலையும் டீசலையும் அடியில் தெளிக்கச் சொல்லும் யோசனையைத் தயவுசெய்து கேட்காதீர்கள், ரப்பர் புஷ்கள் கெடும்.

ஈரமான வண்டியின்மேல் கவர் போடாதீர்கள். பறவை எச்சத்தைக் காய்ந்தபடி சுரண்டாமல், நனைத்து ஊறவிட்டு அன்றைக்கே எடுங்கள்; வெயிலில் அது கிளியர் கோட்டை அரித்துத் தழும்பாக்கிவிடும். தண்ணீர் அடிக்கும்போது எல்லோரும் பானட்டையே குளிப்பாட்டுகிறார்கள், சக்கர வளைவின் உதட்டுக்குப் பின்னால் விரலை விட்டு அங்கே அடைந்திருக்கும் சேற்றை எடுப்பவரைக் காண்பது அரிது. கடலோரத்தில் வண்டி ஓட்டுபவர்கள் அடிப்பாகத்தையும் நல்ல தண்ணீரால் அடிக்கடி அலச வேண்டும். வீட்டிலேயே ஸ்ப்ரே அடித்துப் பார்க்க விரும்புகிறவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: ஹார்ட்னர் என்னும் இறுக்கும் திரவம் கலந்த இரண்டு பாகக் கிளியர் கோட்டைத் தொடாதீர்கள். அதிலுள்ள ஐசோசயனேட் என்னும் வேதிப்பொருள், ஸ்ப்ரே பெயின்டர்களுக்கு ஆஸ்துமாவைக் கொடுப்பதில் பெயர்பெற்றது. தூசிக்குக் கட்டும் முகக்கவசம் அதை நிறுத்தாது.

வெளியில் வேலைக்கு விடுகிறவர்கள், "பெயின்ட் அடிச்சிடுவேன்" என்ற வாக்கை வாங்கிக்கொண்டு போகாமல், துருவைத் தேய்த்து வெறும் உலோகம் தெரியும் நிலையில் ஒரு படமும், எபாக்சி ஏறிய பிறகு இன்னொரு படமும் கேளுங்கள். ஒழுங்காக வேலை செய்பவருக்கு இதில் கோபம் வராது. எடுத்துக்காட்ட முடியாதவர்தான் நிறத்தைப் பற்றி நிறையப் பேசுவார்.

அந்த வெள்ளைக் காரின் கதவில் ஒரு சாண் அளவுக்குக் கணக்கிட்டு வெட்டத் தொடங்கியது ஒன்றரைச் சாணில் போய் நின்றது. புதுத் தகடு வைத்து, பூசி, உள்ளே மெழுகு அடித்து முடித்த அன்று, உரிமையாளர் கையிலேயே குவளையைக் கொடுத்து அந்தக் கதவின் கண்ணாடியில் தண்ணீரை ஊற்றச் சொன்னேன். பத்து எண்ணுவதற்குள் அடியில் சொட்டியது. அவராகவே மற்ற மூன்று கதவுகளிலும் ஊற்றிப் பார்த்தார். ஒன்றில் சொட்டியது. மற்ற இரண்டின் துளைகளிலும் பிளாஸ்டிக் குச்சியை விட்டுக் குடைந்தபோது, முதலில் குழைந்த மண் வந்தது, பிறகு கறுத்த தண்ணீர் வெகுநேரம் வடிந்துகொண்டே இருந்தது.