மருந்துக்கு மசியாத மூளைக் கட்டி

பெரியவர்களுக்கு வரும் மூளைப் புற்றுநோய்களில் மிக மூர்க்கமானது கிளியோபிளாஸ்டோமா. 1928-ல் அமெரிக்க அறுவை மருத்துவர் வால்டர் டேண்டி, இப்படிப்பட்ட கட்டி வந்த சிலருக்கு மூளையின் வலது பாதியையே எடுத்துப் பார்த்தார். அப்படியும் நோய் தீரவில்லை. கட்டியின் செல்கள் அதற்குள் நல்ல மூளைத் திசுவுக்குள் ஊடுருவிப் போயிருக்கும் என்பதுதான் காரணம்.

அதனால் இன்று அறுவைக்குப் பிறகு ஆறு வாரம் கதிர்வீச்சும், கூடவே டெமோசோலமைடு மாத்திரையும் கொடுக்கிறார்கள். 2005-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேராவது உயிரோடிருந்த காலம்) 12.1 மாதம், மாத்திரையும் சேர்ந்தபோது 14.6 மாதம். கூடியது இரண்டரை மாதம்தான். ஏன் இவ்வளவு குறைவு?

முதலில் மாத்திரை என்ன செய்கிறது என்று பார்ப்போம். டிஎன்ஏவில் உள்ள குவானின் என்ற எழுத்தின் மீது மெத்தில் என்ற சின்னஞ்சிறு வேதித் துணுக்கை ஒட்டிவிடுகிறது. சாதாரணமாகக் குவானினுக்கு ஜோடி சைட்டோசின். துணுக்கு ஒட்டிய குவானினோ, செல் பிரியும்போது தைமினோடு சேர்ந்துகொள்ளும். செல்லின் பிழைதிருத்தும் புரதங்கள் இதைக் கண்டுபிடித்து, புதிதாக வந்த தைமினை வெட்டி எடுக்கின்றன. பழுதான குவானின் அங்கேயே இருப்பதால் மறுபடியும் தைமினே வந்து உட்காரும். கூரை ஒழுகுவதை விட்டுவிட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருக்கும் கதை இது. வெட்டி வெட்டி ஒட்டியதில் டிஎன்ஏ இழை அறுந்து, செல் செத்துப்போகிறது. அதாவது கொலை செய்வது மருந்து அல்ல, செல்லின் சொந்தப் பிழைதிருத்தும் வேலைதான். இந்த விஷயம் புரிந்தால் மீதி எல்லாம் சுலபம்.

தப்பிக்கும் வழி ஒன்று: துணுக்கையே பிய்த்துவிடுவது. எம்ஜிஎம்டி என்ற புரதம் மெத்திலைத் தன் மேல் வாங்கிக்கொண்டு, அந்த ஒரு தடவையோடு செயலிழந்துவிடுகிறது. இந்தப் புரதத்தின் மரபணு அணைந்து கிடக்கும் கட்டிகளில் மாத்திரை நன்றாகவே வேலை செய்கிறது: இடைநிலை ஆயுள் 15.3-லிருந்து 21.7 மாதமாக உயர்ந்தது. மரபணு விழித்திருந்தால் 11.8-லிருந்து 12.7 மட்டுமே.

சரி, மரபணு அணைந்த கட்டியாவது அடங்குமா? அதற்கும் வேறு வழி உண்டு. எம்எஸ்எச்6 போன்ற பிழைதிருத்தும் மரபணுவில் பழுதான செல்கள் தைமினைக் கண்டுகொள்வதே இல்லை. வெட்டும் இல்லை, அறுபடலும் இல்லை. பிழையோடு பிழையாகப் பிரிந்துகொண்டே போகின்றன. மருந்து தொடரத் தொடர ஒரே செல்லில் ஆயிரக்கணக்கான பிறழ்வுகள் சேர்ந்துவிடலாம். கொல்ல வந்த மருந்தே கட்டிக்குப் புதுப்புதுப் பிறழ்வுகளை வாரி வழங்குகிறது என்பதுதான் இதில் என்னை மிகவும் உறுத்துவது.

அப்புறம் இன்னொரு தந்திரம். சில கட்டிகளில் ஈஜிஎஃப்ஆர் என்ற வளர்ச்சி மரபணு, குரோமோசோமுக்கு வெளியே தனி டிஎன்ஏ வளையங்களில் பல பிரதிகளாக மிதக்கும். செல் பிரியும்போது இந்த வளையங்கள் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. ஒரு மகள் செல்லுக்கு நிறைய, இன்னொன்றுக்குக் கொஞ்சம். ஈஜிஎஃப்ஆரைத் தடுக்கும் எர்லோடினிப் கொடுத்தால், இந்த மரபணுவின் பிறழ்ந்த வடிவத்தைச் சுமக்கும் வளையங்கள் குறைவான செல்களே தாக்குப்பிடிக்கின்றன. மருந்தை நிறுத்தியதும் அந்த வளையங்கள் மறுபடி பெருகிவிடுவதை 2014-ல் வெளியான ஆய்வு காட்டியது. எந்த மரபணுவையும் நிரந்தரமாக இழக்காமலேயே நடக்கும் தற்காலிகப் பதுங்கல் இது.

போதாக்குறைக்கு, ஒரே கட்டிக்குள்ளேயே செல்கள் பல நிலைகளில் இருக்கின்றன; நரம்பு முன்னோடிச் செல்லின் சாயலில் சில, ஆஸ்ட்ரோசைட் என்ற நரம்புத் துணைச் செல்லின் சாயலில் சில. ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறவும் அவற்றால் முடியும். கதிர்வீச்சுக்குப் பின் எளிதில் சாகாத மீசன்கைமல் நிலைக்குப் பல செல்கள் நகர்வது ஆய்வகங்களில் தெரிந்திருக்கிறது.

பிறழ்ந்த ஈஜிஎஃப்ஆரைக் குறிவைத்த ரிண்டோபெபிமட் என்ற தடுப்பூசி 2016-ல் பெரிய சோதனையில் தோற்றது. திரும்ப வந்த கட்டிகளைச் சோதித்தபோது, பாதிக்கும் மேற்பட்டவற்றில் அந்தக் குறியே காணாமல் போயிருந்தது. தடுப்பூசி போடாதவர்களிடமும் கிட்டத்தட்ட இதே அளவுதான். முதல் அறுவையில் எடுத்த திசுவின் அறிக்கையை வைத்துக்கொண்டு, திரும்ப வந்த கட்டிக்கு மருந்து தேர்ந்தெடுப்பதில் உள்ள சிக்கல் இதுதான். குறி பார்த்துத் தாக்கும் மருந்து என்றால், முடிகிற இடத்தில் திசுவைப் புதிதாக எடுத்து இன்னொரு தடவை சோதித்துவிட்டே தொடங்க வேண்டியிருக்கிறது.