எந்திரப்பாவை: மேடையேறும் ஹியூமனாய்டுக்குத் தமிழில் என்ன பெயர்?

ரோபோ என்ற சொல் பட்டறையில் பிறக்கவில்லை; நாடக மேடையில் பிறந்தது. 1921இல் பிராகாவில் மேடையேறிய தம் நாடகத்துக்குக் காரெல் சாபெக் பெயர் தேடியபோது, அண்ணன் யோசெப் எடுத்துக் கொடுத்த சொல் அது. செக் மொழியில் ‘ரொபோட்டா’ என்றால் கூலியில்லாத கட்டாய உழைப்பு. சோழர் கல்வெட்டுகளில் வரும் ‘வெட்டி’யும் இதுதான். (இன்றைய ‘வெட்டி வேலை’ வேறு சங்கதி.)

ரோபோவா, ரோபாட்டா? பிரெஞ்சில் இறுதி ‘ட்’ ஒலிக்காது என்பதால் புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் குழப்பமே இல்லை. ‘ஹியூமனாய்டு’ ஒரு கலப்புச் சொல்: தலை லத்தீன், வால் கிரேக்கம். மனித வடிவொத்தது என்று பொருள். ‘ஆண்ட்ராய்டு’ முழுக்கக் கிரேக்கம். அதிலுள்ள ‘ஆண்ட்ர’ ஆண்மகனைக் குறிக்கும்.

தமிழில் ‘எந்திரன்’ பரவிவிட்டது. ஆனால் அதன் ‘அன்’ விகுதி ஆண்பால். தென்கொரியாவின் ‘எவர் 1’ ரோபோ போலப் பெண் முகத்தோடு வருவதை எந்திரன் என்பது நெருடும். ‘இயந்திர மனிதன்’ என்றாலோ, எந்திரம்போல் உழைக்கும் ஆள் என்று பொருள் திரிகிறது. ‘எந்திரம்’ வடமொழி ‘யந்த்ர’ வழி வந்தது என்றாலும் புதிய வரவல்ல. கரும்பு பிழியும் ஆலையைச் சங்கப் பாடல் ‘கரும்பின் எந்திரம்’ என்கிறது. சர்க்கரை ஆலை உள்ள நெல்லிக்குப்பம் பக்கத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நாம் பரிந்துரைப்பது ‘எந்திரப்பாவை’. பாவை என்றாலே மனித உருவம். ஆட்டுவிக்கப்படுவது என்ற குறிப்பும் கூடவே வரும். கயிற்றால் ஆடும் மரப்பாவை உயிருள்ளதுபோல் மயக்குவதை ‘உயிர்மருட்டி’ என்ற ஒரே சொல்லில் அடக்குகிறது 1020ஆம் குறள். மேடை ரோபோ செய்வதும் அதைத்தான்.

கலைஞராக முன்னிறுத்தப்படும் ரோபோவைப் பாவை என்பது குறைத்துப் பேசுவதாகாதா? 2008இல் டெட்ராயிட் சிம்பொனி இசைக்குழுவை ஹோண்டாவின் அசிமோ ரோபோ நடத்தியது. கையசைவுகள் முன்பே ஒரு மனிதரிடமிருந்து எடுத்துப் பதிந்தவை. வாத்தியக்காரர்கள் சற்றே தாமதித்தாலும் அதன் கை காத்திருக்காது. நட்டுவனார் ஆடுபவரைப் பார்த்துத் தட்டுகிறார். இது பதிவைப் பார்த்துத் தட்டுகிறது. கயிறு கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

நடனத்தில் தடை மூட்டுகளிலேயே தொடங்குகிறது. பிரெஞ்சு நிறுவனம் உருவாக்கிய நாவோ என்ற ரோபோ 58 செ.மீ. உயரம், சுமார் ஐந்தரைக் கிலோ. அதன் மூட்டு அசைவுகள் மொத்தம் 25: தலைக்கு 2, கைகளுக்கு 10, உள்ளங்கைகளுக்கு 2, இடுப்புக்கு 1, கால்களுக்கு 10. ஒவ்வொரு கையிலும் மூன்றே விரல். மூன்றையும் ஒரே மோட்டார்தான் மடக்குகிறது. எனவே மோதிர விரலை மட்டும் மடக்கும் திரிபதாக முத்திரை அதற்கு வராது. இரு தொடைகளையும் வெளிப்புறம் திருப்புவதும் பொதுவான ஒரே மோட்டார். ஒரு காலை மட்டும் திருப்ப முடியாது. அரைமண்டியில் நின்றால் முழங்கால் மோட்டார் அசையாமலே எடை தாங்கும். மின்சாரம் வெப்பமாகும், நெடுநேரம் நிறுத்தினால் மூட்டு தளரும். சிதம்பரம் கோபுர வாயில்களில் உள்ள 108 கரணங்களில் முழங்காலை மார்பளவு தூக்கும் நிலைகள் உண்டு. அப்போது உடலின் எடைமையம் ஊன்றிய பாதத்துக்கு நேர்மேலே இருந்தாக வேண்டும். சற்று விலகினாலும் விழும். ஒவ்வொரு பாதத்தின் அடியிலும் நான்கு அழுத்த உணரிகள் இருந்தும், ஜமுக்காளம் விரித்த மேடையில் அவற்றை நம்ப முடியாது: துணி மடிப்பு ஒரு மூலையைத் தூக்கிவிடும். ஜமுக்காளத்தைச் சுருட்டிவிட்டு வெறும் பலகையில் விடுங்கள். பேட்டரி சுமார் ஒரு மணி நேரமே தாங்கும். விடியவிடிய நடக்கும் தெருக்கூத்துக்குக் கட்டியங்காரன் வேடம்கூட ஏற்க முடியாது.

எழுதும்போது ‘எந்திரப்பாவை’ ஒரே சொல், ஒற்று மிகும். வினை அஃறிணையில் வரட்டும்: எந்திரப்பாவை ஆடியது, ஆடினார் அல்ல.