ஆக்ஸோலாட்டல் கால்ல காயமா? மருந்த கீழ வச்சுட்டு மொதல்ல தெர்மாமீட்டர எடுங்க

நான் பொள்ளாச்சியில ஆடு, மாடு, நாய், பூனை பாக்கற டாக்டர்தாங்க. ஆனா மைன்கிராஃப்ட் வீடியோ கேம்ல 2021ல இந்த ஆக்ஸோலாட்டல, அதாவது பல்லி மாதிரி உருவத்துல தண்ணியிலயே வாழற ஒரு சாலமாண்டர சேர்த்தாலும் சேர்த்தாங்க, மீனாட்சிபுரம், கொழிஞ்சாம்பாறை, சித்தூர்னு கேரளா பார்டர் பூரா பசங்க அதை வாங்கி தொட்டியில விட்டுட்டு எனக்கு போன் போடறாங்க. வர்ற போன்ல பாதிக்கு மேல ஒரே விஷயந்தான், "டாக்டரே, கால் விரல காணோம்". விரல் திரும்ப மொளைச்சுக்கும், அது பத்தி கவலைப்படாதீங்கன்னு நான் சொன்னா யாரும் நம்பறதில்ல, ஏதாவது தடவறதுக்கு சொல்லுங்கன்னு திரும்பத் திரும்ப கேக்கறாங்க. அதுக்குத்தான் இதை எழுதறேன்.

மொதல்ல அது நெஜமாவே காயமான்னு பாருங்க. முன்னங்கால்ல நாலு விரல், பின்னங்கால்ல அஞ்சு விரல், இதுதான் அதோட கணக்கு. முன்னாடி நாலுதான் இருக்கு ஒண்ணு போயிருச்சுன்னு ராத்திரி பதினோரு மணிக்கு கூப்பிட்டவங்க உண்டு. அதே மாதிரி வெள்ளை, ரோஸ் கலர்ல இருக்கறது பெருசாகி பருவத்துக்கு வரும்போது விரல் நுனியெல்லாம் பழுப்பா கருத்துரும், அது அழுகல் இல்லீங்க. எல்லா கால்லயும் ஒரே மாதிரி நுனி மட்டும் கருத்திருக்கு, வீக்கம் இல்ல, நல்லா சாப்பிடுதுன்னா விட்டுருங்க. ஒரே ஒரு கால்ல மட்டும் கருப்போ செவப்போ இருந்தாத்தான் யோசிக்கணும்.

நெஜ காயம்னா பெரும்பாலும் கூட இருக்கற இன்னொண்ணு கடிச்சதுதான். இதுங்களுக்கு கண்ணு அவ்வளவா தெரியாது, மூஞ்சிக்கு முன்னாடி எது அசைஞ்சாலும் வாயத் தொறந்து உறிஞ்சிரும், அது புழுவா இல்ல தம்பியோட காலான்னு அப்புறந்தான் தெரியும். குட்டிகள ஒரே தொட்டியில நெருக்கி வளர்த்தா கால் முழுசா இருக்கற குட்டிய பாக்கறதே கஷ்டம். அடுத்தது கூட விடற மீனுங்க, கப்பி, கோல்ட்ஃபிஷ் எல்லாம் செவுளையும் விரலையும் கொத்திப் பாக்கும். அப்புறம் ஃபில்டரோட உறிஞ்சற வாய், கூர்மையான அலங்காரக் கல்லு, நைலான் வலை. வலைக்கண்ணுல விரல் மாட்டி இழுக்கும்போது பிஞ்சு வந்துரும், அதனால வலையவே தூக்கிப் போட்டுருங்க, ஒரு டப்பாவுல தண்ணியோட சேர்த்து மொண்டு எடுத்தா போதும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். ஆக்ஸோலாட்டல் மெக்சிகோ சிட்டியில இருக்கற ஸோச்சிமில்கோ ஏரிப்பகுதிய சேர்ந்தது, கடல் மட்டத்துல இருந்து 2,200 மீட்டருக்கு மேல, கிட்டத்தட்ட நம்ம ஊட்டி உயரம். அதுக்கு தண்ணி 16லருந்து 18 டிகிரி இருக்கணும், 20 வரைக்கும் ஓகே, 24 தாண்டுனா உடம்பே தாங்காது. பாலக்காட்டுக் கணவாய்ல மார்ச் ஏப்ரல்ல வெயில் 40ஐ தொடற ஊர்ல, ஓட்டு வீட்டு முன்ரூம்ல வச்ச தொட்டித் தண்ணி என்ன சூட்டுல இருக்கும்னு கைய விட்டாலே தெரியும். விரல் கடிபட்டதால எந்த ஆக்ஸோலாட்டலும் சாகறதில்லீங்க, அந்த சின்ன காயத்துல சூடான அழுக்குத் தண்ணி பட்டுத்தான் சாகுது. சூட்டுல தண்ணியில ஆக்ஸிஜன் குறையும், கிருமி வேகமா பெருகும், அதுக்கு எதிர்ப்பு சக்தி இறங்கும், இது மூணும் ஒண்ணா நடக்கும்.

இதுல நம்ம ஊர் போர் தண்ணிக்கும் பங்கு இருக்கு. கடினத் தண்ணி இந்த ஜீவனுக்கு ஒத்துக்கும், சொல்லப்போனா ஆர்ஓ தண்ணிய விட அதுதான் நல்லது, ஆர்ஓல உப்புச்சத்தே இருக்காது. ஆனா போர் தண்ணியில பிஹெச் ஏறி 8 பக்கம் இருந்தா, அதோட சூடும் சேர்ந்தா, கழிவுல இருந்து தொட்டியில சேர்ற அம்மோனியா பல மடங்கு விஷமாயிரும். விரல் நுனி, செவுளு எல்லாம் செவந்து போறதுக்கு பல நேரம் காரணம் கடி இல்ல, இந்த அம்மோனியாதான். அதனால காயம்னு போட்டோ அனுப்பறவங்க கிட்ட நான் மொதல்ல கேக்கறது தண்ணி டெஸ்ட் ரிசல்ட்தான். அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம், நைட்ரேட் 20 பிபிஎம்முக்குள்ள இருக்கணும். தோப்புக்கு நடுவுல போர் போட்டிருக்கறவங்க தொட்டிய மட்டும் பாக்காம போர் தண்ணியிலயும் நைட்ரேட் பாத்துருங்க, உரமும் சாணியும் மண்ணுல எறங்காம வேற எங்க போகும்.

சரி, காயம்னு உறுதியாயிருச்சு, என்ன பண்ணலாம்? அதை மட்டும் தனியா ஒரு சாப்பாட்டு தர பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாத்துங்க, சோப்பு போட்டு கழுவுன டப்பா வேண்டாம். முதுகு முங்கற அளவுக்கு தண்ணி, முனிசிபல் தண்ணின்னா குளோரின் போக்கற சொட்டு மருந்து கண்டிப்பா, அதுலயும் கத்தாழை கலந்தது வேண்டாம்னு சொல்லுவேன். தினமும் ஒரு தடவை முழுத் தண்ணியும் மாத்தணும், புதுத் தண்ணி பழைய தண்ணி சூட்டுலயே இருக்கணும். இதுக்கு கண்ணிமை கிடையாது, வெளிச்சம் நேரா அடிச்சா தவிக்கும், மேல ஒரு துணிய போட்டு விடுங்க. தண்ணிய குளிர வைக்க பாட்டில்ல தண்ணி ஊத்தி ஃப்ரீசர்ல ஒறைய வச்சு மாத்தி மாத்தி மெதக்க விடலாம், ஃபேன் காத்து தண்ணி மேல படற மாதிரி வச்சா வெயில் காலத்துல காத்து காஞ்சு இருக்கறதால சில டிகிரி இறங்கும், மழைக்காலத்துல அந்த வேலையும் ஆகாது. இதெல்லாம் ரெண்டு மூணு நாள் தள்ளறதுக்குத்தான். தண்ணிய குளிர வைக்கற சில்லர் மெஷினோ ஏசி ரூமோ இல்லாம எங்க ஏரியாவுல வருஷம் பூரா இதை வளர்க்க முடியாது, வாங்கறதுக்கு முன்னாடி கேட்டிருந்தா வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்.

ஒரு நாள் ஒன்றரை நாள்ல அடிபட்ட இடத்த புதுத்தோல் வந்து மூடிக்கும். லேசான ரோஸ் கலர்ல வழுவழுன்னு இருந்தா எல்லாம் ஒழுங்கா நடக்குதுன்னு அர்த்தம். அதுக்குக் கீழ செல்லெல்லாம் கூடி ஒரு சின்ன மொக்கு மாதிரி வரும், அதுல இருந்துதான் எலும்பு, நரம்பு, தசை எல்லாம் திரும்ப உருவாகுது, வடுவே இருக்காது. குட்டின்னா சில வாரத்துல விரல் வந்துரும், பெருசுன்னா மாசக்கணக்காகும்.

இந்த வேலைய கெடுக்கறது பெரும்பாலும் நம்ம கைதான். பார்டர்ல எல்லா வீட்லயும் மாடு இருக்கு, மாட்டுப் புண்ணுக்கு அடிக்கற ஸ்ப்ரேயும் இருக்கு, அதை இதுக்கும் அடிச்சுட்டு கூட்டிட்டு வர்றாங்க. இதோட தோல் நம்ம தோல் மாதிரி இல்லீங்க, தண்ணியில இருக்கறதெல்லாம் உள்ள போகும், தடவுன மருந்து கால்ல மட்டும் நிக்காது. மஞ்சள் வேண்டாம், பெட்டாடின் வேண்டாம். பெட்டாடின்ல இருக்கறது அயோடின், தைராய்டு ஹார்மோன் உருவாகறதே அயோடின வச்சுத்தான். இந்த ஜீவன் வாழ்நாள் பூரா செவுளோட தண்ணியிலயே இருக்கறதுக்கு காரணமே தைராய்டு ஹார்மோன் போதுமான அளவு சுரக்காததுதான், 1920ல ஜூலியன் ஹக்ஸ்லிங்கற இங்கிலாந்து உயிரியல் விஞ்ஞானி ஆக்ஸோலாட்டலுக்கு தைராய்டு சுரப்பிய தின்னக் கொடுத்ததும் அது செவுள இழந்து தரையில வாழற பிராணியா மாறிருச்சு. அந்த சமாச்சாரத்தோட வெளையாட வேண்டாம். வீக்கத்துக்குன்னு ஸ்டீராய்டு க்ரீமும் கூடாது. மேக்ரோஃபேஜ்ங்கற நோய் எதிர்ப்பு செல்கள எடுத்துட்டா கால் வளராம வடுதான் விழுதுன்னு 2013லயே ஆராய்ச்சியில காமிச்சிருக்காங்க, அந்த செல்கள அடக்கற மருந்த நாமளே கொண்டு போய் தடவக்கூடாது. மீனுக்கு விக்கற மருந்துலயும் காப்பர், மாலகைட் க்ரீன் இருக்கறத தொடவே கூடாது.

காயத்து மேல வெள்ளையா பஞ்சு ஒட்டுன மாதிரி தெரிஞ்சா அது பூஞ்சை. சின்னதா இருந்தா குளிர்ச்சியும் தினசரி தண்ணி மாத்தறதுமே போதும். குறையலைன்னா மட்டும் உப்புக் குளியல், ஒரு லிட்டருக்கு ரெண்டு டீஸ்பூன் அயோடின் சேர்க்காத கல்லுப்பு, பத்து நிமிஷம், துள்ளுனா ஒடனே எடுத்துருங்க. பூஞ்சையே இல்லாத காயத்துக்கு முன்னெச்சரிக்கைன்னு உப்பு போடறது செவுளுக்குத்தான் கேடு. நாட்டு வாதுமை இலை காஞ்சது ஒண்ணு ரெண்டு டப்பாவுல போடலாம், தண்ணி டீ கலர்ல ஆகும், பயப்படாதீங்க, பூச்சி மருந்து படாத மரத்து இலையா இருக்கணும், அவ்வளவுதான். சாப்பாட்டுக்கு மண்புழு நல்லது, ஆனா மண்புழு உரத்தொட்டியில இருக்கற செவப்புப் புழு கசக்கும், நெறைய ஆக்ஸோலாட்டல் வாயில வாங்கி துப்பிரும், அதை வச்சு சாப்பிட மாட்டேங்குதுன்னு முடிவு பண்ணாதீங்க.

டாக்டர் கிட்ட வரவேண்டியது எப்போன்னா, செவப்பு விரல தாண்டி கால் மேல ஏறுது, கால் வீங்குது, எலும்பு வெளிய நீட்டிட்டு இருக்கு, பூஞ்சை நாலஞ்சு நாள்லயும் போகல, செவுளு சுருங்கி சாப்பாட்டயும் விட்டுருச்சு, இதுல ஒண்ணு இருந்தாலும் வந்துருங்க. செவப்பு பரவுச்சுன்னா ரத்தத்துல கிருமி போயிருக்கலாம், அப்போ எடை பாத்து ஊசி போடணும், மெடிக்கல் ஷாப்ல கேட்டு வாங்கிப் போடற விஷயம் இல்ல. காலையில வெயில் ஏறறதுக்குள்ள கெளம்புங்க, மீன் கடையில கிடைக்கற தெர்மாகோல் பெட்டிக்குள்ள டப்பாவ வச்சு பக்கத்துல ஐஸ் பாட்டில் வைங்க, தொட்டித் தண்ணி ஒரு பாட்டில் தனியா கொண்டு வாங்க. மதியம் ஒரு மணிக்கு பஸ்ல மடியில வச்சு கொண்டு வந்தா காயத்த பாக்கறதா சூட்ட பாக்கறதான்னு எனக்கே தெரியாது. பக்கத்துல எக்ஸோட்டிக், அதாவது இந்த மாதிரி வித்தியாசமான வளர்ப்புப் பிராணிகள பாக்கற டாக்டர் இல்லைன்னா திருச்சூர் பக்கத்துல இருக்கற மண்ணுத்தியிலயும் உடுமலைப்பேட்டையிலயும் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு, யார் பாப்பாங்கன்னு போன்ல கேட்டுட்டு போங்க.

ஆறுன பிறகு பழைய தொட்டிக்கே விடறதுன்னா கடிச்சது அங்க இருக்கக்கூடாது, நடுவுல தடுப்பு வைங்க இல்ல வேற தொட்டி பாருங்க. ஒரே இடத்துல திரும்பத் திரும்ப கடிபட்டா வளர்ச்சி மோசமாயிட்டே போகும், விரல் மூணா வரலாம், ஒட்டிக்கிட்டு வரலாம், ஒண்ணு கூடுதலாவும் வரலாம். அப்படி வந்துச்சுன்னா அது நடக்கறதுக்கும் சாப்பிடறதுக்கும் எந்த குறையும் இல்ல. போட்டோவுக்கு நல்லா இல்ல, இன்னொரு தடவ வெட்டி விட்டா சரியா வருமா டாக்டரேன்னு மட்டும் கேட்டு வராதீங்க, நான் பண்ண மாட்டேன்.