டர்போ இல்லாத காருக்கு டர்போ பொருத்தலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

இருக்கும் இன்ஜினிலேயே, அதன் திறனைக் கூட்டும் டர்போ என்ற கருவியைப் பொருத்திவிட்டால் என்ன என்ற எண்ணம் பெட்ரோல் கார் வைத்திருக்கும் பலருக்கும் வருவதுண்டு. செய்து தருகிறோம் என்று சொல்லும் பட்டறைகளும் இருக்கின்றன. எவ்வளவு செலவாகும், இழுவை எவ்வளவு கூடும் என்று விசாரிப்பவர்கள், பதிவுச் சான்றிதழ் என்ன ஆகும் என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும்.

இந்தியாவில் இதற்கான விடை, 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 52-ஆம் பிரிவில் இருக்கிறது. தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்குப் பதிவுச் சான்றிதழில் உள்ளவை முரணாகிவிடும்படி எந்த உரிமையாளரும் வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது அந்தப் பிரிவு. கேரளாவிலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. மாநில விதிகள் சட்டத்துக்குக் கீழ்ப்பட்டவை. அவற்றைக் காட்டி 52-ஆம் பிரிவைத் தாண்ட முடியாது என்பதே தீர்ப்பின் சாரம்.

“சிசி (இன்ஜினின் கன அளவு) மாறவில்லை, இன்ஜின் எண் மாறவில்லை, பிறகென்ன?” என்று சிலர் வாதிடுவார்கள். டர்போ செய்யும் வேலையைப் பார்த்தால் இந்த வாதம் நிற்காது. வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுழல்கிறது. அதே தண்டில் இருக்கும் இன்னொரு சக்கரம் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் திணிக்கிறது. சிலிண்டரின் கொள்ளளவு அப்படியே இருக்க, உள்ளே எரியும் காற்றும் எரிபொருளும் கூடிவிடுகின்றன, திறன் எகிறுகிறது. வாகனப் பதிவுக்கான படிவம் 20-இல் கன அளவோடு இன்ஜினின் திறனையும் கேட்கிறார்கள். அந்த வண்டி விற்பனைக்கு அனுமதி பெற்றதும் குறிப்பிட்ட இன்ஜின், குறிப்பிட்ட இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி), புகையின் நச்சைக் குறைக்கும் குறிப்பிட்ட வினையூக்கி மாற்றி ஆகியவற்றோடு சோதிக்கப்பட்டுத்தான்.

புகை விஷயத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் நடைமுறையில் இருக்கும் பிஎஸ் 6 என்ற புகை வெளியீட்டு விதிப்படி, ஒரு பெட்ரோல் கார் கிலோமீட்டருக்கு 60 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரஜன் ஆக்சைடுகளை வெளியிடக் கூடாது. டர்போ இல்லாத இன்ஜின்களில் அழுத்த விகிதம், அதாவது சிலிண்டருக்குள் காற்றும் எரிபொருளும் எத்தனை மடங்கு சுருக்கப்படுகின்றன என்ற அளவு, பெரும்பாலும் 10-க்கு மேல் இருக்கும். அதில் மேலும் காற்றைத் திணித்தால் எரிபொருள் நேரம் தவறி வெடிக்கத் தொடங்கும், பிஸ்டனே உடையலாம். இதைத் தவிர்க்க, பட்டறைகளில் கூடுதல் பெட்ரோல் பாயும்படி இசியுவை மாற்றி எழுதுகிறார்கள். விளைவாகக் கார்பன் மோனாக்சைடு கூடுகிறது, வினையூக்கி மாற்றியும் அளவுக்கு மீறிச் சூடேறிக் கெடுகிறது. இத்தனைக்குப் பிறகும் அந்த வண்டி வழக்கமான புகைப் பரிசோதனையில் தேறிவிடலாம். அந்தப் பரிசோதனை, நின்ற இடத்தில் பாரமில்லாமல் ஓடும் இன்ஜினைத்தான் அளக்கிறது. அப்போது டர்போ ஏறக்குறைய வேலையே செய்வதில்லை. ஆகவே கையிலிருக்கும் புகைச் சான்றிதழை மாற்றத்துக்கான அனுமதியாக நினைத்துவிட வேண்டாம்.

சட்டம் எல்லா மாற்றங்களையும் தடுக்கவில்லை. அங்கீகரிக்கப்பட்ட கிட் மூலம் சிஎன்ஜி, எல்பிஜி அல்லது மின்சாரத்துக்கு மாற 52-ஆம் பிரிவிலேயே இடம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றபடி வண்டியை மாற்றியமைத்துவிட்டுப் பின்னர் ஒப்புதல் பெறவும் வழி உண்டு. பழுதான இன்ஜினுக்குப் பதிலாக அதே வகை இன்ஜினைப் பொருத்தினால், 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்துச் சான்றிதழில் புது எண்ணை ஏற்றிக்கொள்ள வேண்டும். ஆனால், அதே மாடலின் டர்போ ரகத்திலிருந்து கழற்றிய இன்ஜின் ‘அதே வகை’ ஆகாது. கார் தவணைக் கொள்முதல் ஒப்பந்தத்தில் இருந்தால், பதிவு பெற்ற உரிமையாளரின் எழுத்துபூர்வ சம்மதமும் தேவை.

மீறினால் என்ன ஆகும்? 2019-இல் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதிக்கப்படாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். என்னைக் கேட்டால், அபராதத்தைவிடக் காப்பீடுதான் பெரிய கவலை. டர்போ பொருத்தியதைச் சொல்லாமல் பாலிசி எடுத்திருந்தால், விபத்துக்குப் பிறகு இழப்பீட்டை மறுக்க நிறுவனத்துக்குக் காரணம் கிடைத்துவிடும். பழைய திறனுக்கென வடிவமைத்த பிரேக்கோடும் கியர்பாக்ஸோடும் ஓடும் வண்டி அது என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

பழைய கார் வாங்குபவர்களும் கவனமாக இருக்க வேண்டும். பானெட்டைத் திறந்து, புகை வெளியேறும் குழாய் தொடங்கும் இடத்தில் நத்தை வடிவ உலோகக் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். அங்கிருந்து முன்பம்பர் பக்கம் தடித்த ரப்பர் குழாய்கள் போகின்றனவா, அந்த ரகத்தைத் தயாரிப்பாளர் டர்போவுடன் விற்றாரா என்பதையும் சரிபாருங்கள். விற்கவில்லை என்றால், பழைய பாகங்களைத் திரும்பப் பொருத்தித் தரும்படி விற்பவரிடம் கேளுங்கள். அது முடியும்வரை பெயர் மாற்றப் படிவங்களில் கையெழுத்திட வேண்டாம்.