உடம்பு சரியில்லாத நாய ஃபாஸ்டர் பண்றீங்களா (நிரந்தர வீடு கிடைக்குற வரைக்கும் உங்க வீட்ல வெச்சு பாத்துக்குறீங்களா)? பாத்தத எழுதி வைங்க, எழுதினத மறைக்காம சொல்லுங்க

கொஞ்ச மாசம் முன்னாடி ஒரு பொண்ணு, ரெஸ்க்யூ பண்ணி 9 நாள் ஆன ஒரு நாய தூக்கிட்டு என் கிளினிக்குக்கு வந்தாங்க. டிக் ஃபீவருக்கு (உண்ணிக் காய்ச்சல்) மாத்திரை போயிட்டு இருக்கு, நேத்துலேர்ந்து சாப்பிட மாட்டேங்குதுன்னாங்க. இப்படி வந்தா எங்களுக்கு முதல்ல தோணுறது மாத்திரைதான், டாக்சிசைக்ளின் நிறைய நாய்ங்களுக்கு வயித்த பெரட்டும், அதனால வாந்திக்கு ஒரு ஊசி போட்டு அனுப்பிடலாம்னு நானும் மருந்த எடுக்கப் போயிட்டேன். அப்பதான் அவங்க சொன்னாங்க, "டாக்டர், தட்ட வெச்சா ஓடி வருது, மோந்து பாக்குது, ஒரு வாய் எடுக்குது, எடுத்தத அப்படியே கீழ போட்டுட்டு தலைய ஒரு பக்கமா சாய்ச்சுக்குது. தண்ணி மட்டும் ஒழுங்கா குடிக்குது."

வயிறு பெரட்டுற நாய் பெரும்பாலும் தட்டுகிட்டயே வராது, வந்தாலும் உதட்ட நக்கிட்டு மூஞ்சிய திருப்பிக்கும். பசியோட ஓடி வந்து வாயில எடுத்தத கீழ போடுதுன்னா வாயிலதான் ஏதோ வலிக்குது. தொறந்து பாத்தேன், மேல்தாடைல கன்னத்து ஓரமா இருக்குற பெரிய கடவாப்பல்லு பொளந்து, ஒரு சில்லு மட்டும் ஈறுல ஒட்டிக்கிட்டு ஆடிட்டு இருந்துச்சு, கண்ணுக்குக் கீழ லேசா வீக்கம் கூட இருந்துச்சு, முடிக்குள்ள மறைஞ்சு யார் கண்ணுக்கும் படல. ரத்தத்த உறைய வைக்கிற பிளேட்லெட் அணு ரொம்ப கம்மியா இருந்ததால உடனே பல்ல பிடுங்க முடியாது, ரத்தம் நிக்காது. வலிக்கு மருந்து, ஆன்ட்டிபயாட்டிக், கொழகொழன்னு கரைச்ச சாப்பாடுன்னு ஓட்டி, பிளேட்லெட் ஏறினப்புறம்தான் எடுத்தோம்.

இத ஏன் முதல்ல சொல்றேன்னா, அந்த நோய கண்டுபிடிச்சது நான் இல்ல, அவங்க பாத்து சொன்ன அந்த ஒரு வரிதான். நான் ஒரு நாய பாக்குறது 15 நிமிஷம், அதுவும் பயந்து நடுங்கிட்டு டேபிள் மேல நிக்கும்போது. மீதி நேரம் பூரா பாக்குறது நீங்க. "ரெண்டு நாளா டல்லா இருக்கு டாக்டர்"னு சொன்னா அதுல எனக்கு ஒண்ணும் கிடைக்காது. எத்தன வேளை வெச்சீங்க, பாதி சாப்டுச்சா கால்வாசியா, வாந்தி சாப்ட உடனேயா இல்ல ரெண்டு மணி நேரம் கழிச்சா, மஞ்சளா நுரையா, மோஷன் எத்தன தடவ, ரத்தம் கலந்துருந்துச்சா, யூரின் என்ன கலர், இதெல்லாம் தேதியோட இருந்தா பாதி டெஸ்ட் மிச்சம். அதனால முதல் நாளே ஒரு நோட்டு போடுங்க, மொபைல்ல எழுதினாலும் சரி.

ஒல்லியா எலும்பும் தோலுமா வர்ற நாய்க்கு எல்லாரும் முதல்ல பண்ற தப்பு, பாவம்னு சொல்லி தட்டு நிறைய வெக்கிறது. ரொம்ப நாள் பட்டினி கிடந்த உடம்புல திடீர்னு நிறைய சாப்பாடு போனா இன்சுலின் எகிறும், ரத்தத்துல இருக்குற பாஸ்பரஸ், பொட்டாசியம் எல்லாம் செல்லுக்குள்ள போயிடும், ரத்தத்துல அளவு சடார்னு இறங்கி இதயம் மூச்சு ரெண்டும் தடுமாறும். பட்டினில பிழைச்ச நாய் சாப்பாட்டுல செத்துப் போறது இப்படித்தான். முதல் நாள் அதோட தேவையில கால்வாசி, அதையும் நாலஞ்சு வேளையா பிரிச்சு, அப்புறம் மூணு நாலு நாள்ல கொஞ்சம் கொஞ்சமா முழு அளவுக்கு ஏத்துங்க. எவ்ளோன்னு கணக்கு உங்க டாக்டர்கிட்ட கேட்டு வாங்கிக்கோங்க, நாய் கண்ணு கெஞ்சத்தான் செய்யும், அந்த நாலு நாள் மனச கல்லாக்கிட்டுதான் ஆகணும்.

வீட்ல ஏற்கனவே நாய் இருந்தா புதுசா வந்தத குறைஞ்சது 14 நாள் தனி ரூம்ல வைங்க, தட்டு, துணி, லீஷ் எல்லாம் தனி. பார்வோ வைரஸ் (குட்டிங்களுக்கு வாந்தி, ரத்த பேதி வர வைக்கிறது) உள்ள போய் நோயா வெளிய தெரியறதுக்கு பொதுவா ஒரு வாரம், சில சமயம் ரெண்டு வாரம் ஆகும், அதுவரைக்கும் குட்டி துள்ளி விளையாடிட்டு இருக்கும். அந்த வைரஸ் தரையில, மண்ணுல மாசக்கணக்கா உயிரோட இருக்கும், சாதாரண ஃப்ளோர் கிளீனர்ல சாகாது. பிளீச்ச ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணி சேத்து, முதல்ல அழுக்க நல்லா கழுவிட்டு அப்புறம் அத ஊத்தி 10 நிமிஷம் விடணும். பார்வோ வந்த வீட்ல தடுப்பூசி முடிக்காத குட்டிய அடுத்து ஒரு வருஷத்துக்கு எடுக்காதீங்கன்னுதான் நான் சொல்லுவேன். டிஸ்டெம்பர்னு இன்னொரு வைரஸ் நோய் இன்னும் மோசம், கண்ணு மூக்குல ஒழுகறது நின்னு, நல்லாயிடுச்சுன்னு நாம சந்தோஷப்படுற நேரத்துல, சில வாரம் கழிச்சு தலை வெட்டி இழுக்க ஆரம்பிக்கும். அதனால ஒழுகல் நின்ன மறுநாளே அடாப்ஷன் போட்டோ போட வேண்டாம், கொஞ்ச வாரம் பொறுங்க.

எல்லாரும் கவனிக்க வேண்டிய, ஆனா யாரும் சொல்லித் தராத ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு ஈறு. நாய் நல்லா இருக்கும்போது உதட்ட லேசா தூக்கி ஈறு எப்படி ரோஸா இருக்குன்னு பாத்து மனசுல வெச்சுக்கோங்க (கருப்பு ஈறு இருக்குற நாய்னா கீழ் இமைய இழுத்து உள்பக்கம் பாருங்க). விரல் வெச்சு அழுத்தினா வெளுத்து, எடுத்தா 2 செகண்டுக்குள்ள ரோஸ் திரும்பணும். உண்ணி மூலமா வர்ற பபேசியா ரத்தத்த உடைச்சுடும், காலைல வெளிர் ரோஸா இருந்தது சாயங்காலம் காகிதம் மாதிரி வெளுத்துருக்கும், யூரின் கட்டன் டீ கலர்ல போகும். அப்படி பாத்தா விடியட்டும்னு காத்துருக்காதீங்க. ரெண்டாவது, தூங்கும்போது மூச்சு எண்றது. நெஞ்சு ஒரு தடவ ஏறி இறங்கினா ஒண்ணு, ஒரு நிமிஷத்துக்கு 30க்குள்ள இருக்கணும். இதயப்புழு இருக்குற நாய், வயசான நாய், நெஞ்சுல நீர் கோத்த நாய் எல்லாத்துக்கும் இந்த எண்ணிக்கை ஏறுறது ஒரு எச்சரிக்கை மணி.

மருந்த பாதில நிறுத்தறத பத்தி சொல்லி சொல்லி எனக்கே வாய் வலிக்குது. எர்லிக்கியாவுக்கு (டிக் ஃபீவர்ல ஒரு வகை) டாக்சிசைக்ளின் 28 நாள். மூணாவது நாள் காய்ச்சல் விட்டுடும், ஆறாவது நாள் ஓடி விளையாடும், பத்தாவது நாள் மாத்திரை டப்பா எங்கன்னு யாருக்கும் தெரியாது. ரெண்டு மாசம் கழிச்சு அதே நாய் மூக்குல ரத்தம் வழிஞ்சுட்டு வரும். இன்னொண்ணு, அந்த மாத்திரைய வெறும் வயித்துல வறட்டு மாத்திரையா தொண்டைல தள்ளாதீங்க, உணவுக்குழாய்ல ஒட்டிக்கிட்டு புண்ணாக்கிடும், சாப்பாட்டோட குடுத்து பின்னாடியே தண்ணியும் உள்ள போகணும். சொறிக்கும் இதே கதைதான். டெமோடெக்ஸ் பூச்சினால வர்ற சொறி ஒட்டாது, தைரியமா மடில வெச்சுக்கலாம், ஆனா முடி முளைச்சுடுச்சுன்னு நிறுத்தினா திரும்பி வரும், ஒரு மாச இடைவெளில ரெண்டு தடவ தோல சுரண்டி மைக்ராஸ்கோப்ல பாத்து பூச்சி இல்லன்னு வந்தாதான் முடிஞ்சுது. சார்காப்டஸ் சொறி வேற, அது நம்மளயும் சொறிய வைக்கும், ரெண்டும் வெளிய பாத்தா ஒரே மாதிரி இருக்கறதால டெஸ்ட் பண்ணாம போட்டோ அனுப்பி மருந்து கேக்காதீங்க ப்ளீஸ். வீட்ல பூனை இருந்தா நாய்க்குப் போடுற உண்ணி மருந்துல பெர்மெத்ரின் இருக்கான்னு லேபிள பாருங்க, அது பூனைக்கு விஷம். நமக்கு வாங்கி வெச்ச பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் எதையும் நாய்க்கு பாதி மாத்திரை கூட குடுக்காதீங்க, லிவரும் கிட்னியும் போன நாய்ங்கள நான் பாத்துருக்கேன், குடுத்தவங்க அத்தன பேரும் அன்பாலதான் குடுத்தாங்க.

பல்லு கதைய படிச்சுட்டு நீங்களே வாய தொறந்து பாக்க கிளம்பிடக் கூடாது, அதுக்காக இத தனியா சொல்றேன். தடுப்பூசி போட்டதா இல்லையான்னு தெரியாத நாய், சாப்பாட்ட முழுங்க முடியாம தவிக்குது, எச்சில் ஒழுகுது, தாடை தொங்குது, குரல் மாறி இருக்குன்னா, எலும்பு ஏதோ சிக்கிருக்குன்னு நினைச்சு கைய உள்ள விடாதீங்க. ரேபீஸும் அப்படித்தான் இருக்கும், எல்லா ரேபீஸ் நாயும் வெறி பிடிச்சு கடிக்க வராது, சிலது அமைதியா மூலையில சுருண்டு படுத்துக்கும். நான் அன்னைக்கு அந்த நாய் வாய தொறந்ததுகூட கிளவுஸ் போட்டுட்டு, எனக்கு முன்கூட்டியே போட வேண்டிய ஊசி எல்லாம் போட்டு இருக்குன்ற தைரியத்துலதான், அதோட அது தண்ணி தடையில்லாம குடிச்சதும் எனக்குத் தெரியும். தொடர்ந்து ஃபாஸ்டர் பண்றவங்க கடி வாங்குறதுக்கு முன்னாடியே ரேபீஸ் ஊசி போட்டுக்கோங்க. பல்லு பட்டாலோ, புண்ணுல எச்சில் பட்டாலோ, சோப்பு போட்டு ஓடுற தண்ணில 15 நிமிஷம் கழுவிட்டு, முன்னாடி ஊசி போட்டிருந்தாலும் சரி, அன்னைக்கே ஆஸ்பத்திரி போங்க. ரேபீஸ் அறிகுறி வந்தப்புறம் காப்பாத்த வழி இல்ல.

இப்ப அடாப்ஷனுக்கு வர்றேன், மனசு ரொம்ப வலிச்ச ஒரு கேஸ். வலிப்பு இருந்த ஒரு நாய், ரெஸ்க்யூ பண்ணவங்க ஃபீனோபார்பிட்டால் குடுத்து கட்டுப்படுத்தி வெச்சுருந்தாங்க, வலிப்புன்னு சொன்னா யாரும் எடுக்க மாட்டாங்கன்னு நினைச்சு, "சும்மா வைட்டமின் மாத்திரை, தீர்ந்துட்டா விட்டுடலாம்"னு சொல்லி ஒரு குடும்பத்துக்கு குடுத்துட்டாங்க. மாத்திரை தீர்ந்துச்சு, நின்னுச்சு. அந்த மருந்த திடீர்னு நிறுத்தினா வலிப்பு முன்ன விட வேகமா வரும். ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த வீட்டு அப்பா தூக்கிட்டு வந்தாரு, சின்ன பையன் பின்னாடி நின்னு அழுதுட்டு இருந்தான், நாக்கு உள்ள போயிடும்னு யாரோ சொன்னத நம்பி அவர் விரல வாயில விட்டு கிழிச்சு வெச்சுருந்தாரு. நாக்கெல்லாம் உள்ள போகாது. பக்கத்துல இருக்குற சாமான தள்ளி வெச்சு, லைட்ட அணைச்சு, எத்தன நிமிஷம்னு பாக்கணும், 5 நிமிஷத்த தாண்டினாலோ ஒரே நாள்ல ரெண்டாவது தடவ வந்தாலோ ஓடி வரணும், முடிஞ்சா ஒருத்தர் வீடியோ எடுக்கணும். இதெல்லாம் அவங்களுக்கு யாராவது ரெண்டு நிமிஷம் சொல்லிருந்தா போதும். நாய் பிழைச்சுது, ஆனா அந்த குடும்பம் திருப்பி குடுத்துட்டாங்க, அவங்கள நான் குத்தம் சொல்ல மாட்டேன்.

அதே நாய்க்கு அப்புறம் வீடு கிடைச்சுது. இந்த தடவ பாத்துக்கிட்ட ஃபாஸ்டர் முதல் வரியிலயே வலிப்பு இருக்குன்னு எழுதினாரு, கேட்டு வந்தவங்ககிட்ட வலிப்பு வீடியோவ காட்டினாரு, ஒரு நாளைக்கு ரெண்டு வேளை, 12 மணி நேரத்துக்கு ஒரு தடவ, ஆயுசுக்கும் மாத்திரை, அப்பப்ப ரத்தப் பரிசோதனைன்னு எல்லாத்தையும் சொன்னாரு. முதல்ல கேட்டவங்க ஒவ்வொருத்தரா பின்வாங்கினாங்க, ஏழு மாசம் ஆச்சு. கடைசில வந்தவங்க வீட்ல ஏற்கனவே ஒரு பெரியவருக்கு தினமும் நேரம் பாத்து மருந்து குடுக்குற பழக்கம் இருந்துச்சு, அந்த மாத்திரை பெட்டியிலயே நாய்க்கும் ஒரு இடம் ஒதுக்கிட்டாங்க. ஏழு மாசம் நீளம்தான், ஆனா ஒரு நாய் ரெண்டாவது தடவ வீடு இழந்து வர்றதுக்கு அது எவ்ளோ மேல்.

எல்லா கேஸும் எல்லாராலயும் முடியாது, அத வெளிப்படையா சொல்லிடுறதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. இடுப்புக்குக் கீழ செயலிழந்த நாய்னா ஒரு நாளைக்கு மூணு நாலு தடவ கையால அழுத்தி யூரின் எடுக்கணும், படுக்கைப் புண்ணு வராம திருப்பி படுக்க வெக்கணும், காலைல வேலைக்குப் போய் ராத்திரி வர்றவங்க அத எடுத்தா நாயும் கஷ்டப்படும் நீங்களும் உடைஞ்சு போவீங்க. அவங்க இடுப்பெலும்பு முறிஞ்ச நாய எடுக்கலாம், அதுக்கு முக்கியமா வேணுங்கறது ஆறு எட்டு வாரம் கூண்டு ரெஸ்ட்டும் பொறுமையும்தான். வீட்ல கர்ப்பமா இருக்குறவங்களோ கீமோ எடுத்துக்குறவங்களோ இருந்தா, லெப்டோ (எலிக் காய்ச்சல்) சந்தேகம் இருக்குற நாய வாங்காதீங்க, அது யூரின் வழியா மனுஷங்களுக்கும் வரும்.

அனுப்புற அன்னைக்கு அந்த நோட்டு அப்படியே கூட போகணும், ரத்த ரிப்போர்ட், ஸ்கேன், தடுப்பூசி அட்டை எல்லாத்தோட. மருந்து பத்து நாளைக்காவது கையில குடுங்க, புதுசா எடுத்தவங்க மறுநாளே டாக்டர தேடி அலைய வேண்டாம். மாத்திரைய எதுல வெச்சா துப்பாம முழுங்குதுன்னு நேர்ல ஒரு தடவ பண்ணி காட்டுங்க. சாப்பிடுற அதே சாப்பாடு ஒரு வாரத்துக்கு, படுத்துருந்த துணிய துவைக்காம கூடவே குடுத்து அனுப்புங்க. முதல் மூணு நாள் சரியா சாப்பிடாம கட்டிலுக்கு அடியில போய் படுத்துக்கலாம், பயத்துல மோஷன் லூஸா போகலாம், ரெண்டு நாளைக்கு மேல போனாலோ ரத்தம் தெரிஞ்சாலோ கூப்பிடுங்கன்னு முன்னாடியே சொல்லிடுங்க. நாலாவது நாள் நீங்களே ஃபோன் பண்ணி, "எப்படி இருக்கு"ன்னு கேக்காம, காலைல எவ்ளோ சாப்டுச்சு, மாத்திரை எத்தன மணிக்கு போச்சுன்னு கேளுங்க.