எதிர்க்காமல் இருந்தால் சம்மதம் ஆகிவிடுமா? பாலியல் வன்கொடுமைச் சட்டம் சொல்வது

'ஏன் கூச்சல் போடவில்லை? உடம்பில் ஒரு கீறல்கூட இல்லையே?' பாலியல் வன்கொடுமைப் புகாருடன் வரும் பெண்ணைக் காவல் நிலையத்திலும் உறவினர் வீட்டிலும் இன்றும் துரத்துகிற கேள்விகள் இவை. எதிர்த்துப் போராடவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அவள் சம்மதித்தாள் என்று கருதக் கூடாது என 2013ஆம் ஆண்டிலேயே இந்தியச் சட்டம் தெளிவாக்கிவிட்டது. புகார் கொடுப்பவருக்கும் அவருடன் துணைக்குப் போகிறவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 375ஆம் பிரிவு 'சம்மதம் இல்லாமல்' என்று சொன்னதே தவிர, எது சம்மதம் என்று விளக்கவில்லை. பயத்தாலோ தவறான புரிதலாலோ தந்தது சம்மதம் ஆகாது என்று 90ஆம் பிரிவு சொன்னதோடு சரி. இந்தக் குறை எத்தனை பெரியது என்பதை ஒரு வழக்கு காட்டியது. 1972இல் மகாராஷ்டிராவின் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்துக்குள் இரவில் ஓர் ஆதிவாசிச் சிறுமி காவலரால் வன்கொடுமைக்கு ஆளானதாக வழக்கு. அவளுடைய சொந்தக்காரர்கள் வாசலிலேயே காத்திருந்தார்கள். பயந்து அடங்கிப்போவது வேறு, சம்மதம் வேறு என்று மும்பை உயர் நீதிமன்றம் தண்டனை விதித்தது. உச்ச நீதிமன்றமோ காயங்கள் இல்லை என்பதைக் காட்டி 1978இல் காவலர்களை விடுவித்தது. காவல் நிலையத்துக்குள் அகப்பட்ட சிறுமி காவலரை அடித்துத் தள்ளியிருக்க வேண்டும் என்று எதிர்பார்த்த அந்தத் தீர்ப்பைப் படிக்கும்போது இன்றும் மனம் பதைக்கிறது. நான்கு சட்ட அறிஞர்கள் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினார்கள். பெண்கள் தெருவில் இறங்கினார்கள். காவலில் நடக்கும் குற்றங்களில், உறவு நடந்தது நிரூபணமாகி, சம்மதிக்கவில்லை என்று பெண் சாட்சியம் சொன்னால், நீதிமன்றம் அவ்வாறே அனுமானிக்க வேண்டும் என்று 1983இல் சட்டம் திருத்தப்பட்டது.

சம்மதத்துக்கு வரையறை வர மேலும் 30 ஆண்டுகள் ஆயின. 2012 டிசம்பர் டெல்லிக் கொடுமைக்குப் பின் அமைந்த நீதிபதி வர்மா குழு ஒரே மாதத்தில் அறிக்கை தந்தது. அதையொட்டி வந்த திருத்தத்தில் வரையறையும் இடம்பெற்றது. பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவிலும் அது அப்படியே இருக்கிறது. அதன் சாரம் இதுதான்: சம்மதம் என்பது பெண் தானாக முன்வந்து, ஐயத்துக்கு இடமில்லாமல் தரும் உடன்பாடு. சொல்லாலோ சைகையாலோ வேறு வகையிலோ அவள் அதைத் தெரிவித்திருக்க வேண்டும். அதுவும் 'குறிப்பிட்ட அந்தச் செயலுக்கு' என்று சட்டம் சொல்கிறது. இந்தச் சொற்களை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். அறைக்கு வந்தாள், முத்தத்துக்கு இணங்கினாள், போன வாரம் சம்மதித்தாள் என்பதெல்லாம் இன்றைய செயலுக்கான சம்மதம் ஆகாது. முன்பு யாருடன் பழகினாள் என்பதைச் சம்மதத்துக்குச் சான்றாகக் காட்டவும் சாட்சியச் சட்டம் இடம் தருவதில்லை.

தனக்கோ தனக்கு வேண்டியவருக்கோ உயிராபத்து, காயம் என்று மிரட்டிப் பெற்றதும், போதையில் விளைவு புரியாத நிலையில் பெற்றதும் சம்மதம் அல்ல. 18 வயது நிரம்பாதவரின் சம்மதம் செல்லாது. 2012க்கு முன் இந்த வரம்பு 16ஆக இருந்தது. காதலித்த பதின்பருவப் பையன்கள், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்ட வழக்கில் சிறைக்குப் போவதைக் கண்ட சென்னை உயர் நீதிமன்றம், வயது வரம்பை 16ஆக்குவது பற்றி யோசிக்கலாம் என்று 2019இல் சொன்னது. சட்டம் மாறவில்லை.

மாறாத இன்னொன்று திருமணம். 18 வயது நிரம்பிய மனைவியின் சம்மதமின்றிக் கணவன் உறவு கொண்டால் அது வன்கொடுமைக் குற்றம் ஆகாது என்ற விதிவிலக்கு நீடிக்கிறது. இதை நீக்கும்படி வர்மா குழு சொன்னது, அரசு ஏற்கவில்லை. இந்த விதிவிலக்கு செல்லுமா என்பதில் 2022இல் டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பளித்தார்கள். தாலி கட்டியதாலேயே ஒரு பெண்ணின் மறுப்பு மதிப்பிழந்துபோவது அநியாயம். பிரிந்து வாழும் மனைவியைக் கட்டாயப்படுத்தினால் மட்டும் நியாய சன்ஹிதாவின் 67ஆம் பிரிவில் 2 முதல் 7 ஆண்டு வரை சிறை. சேர்ந்து வாழ்பவர் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம்.

புகாரை எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். எல்லை தங்களுடையது அல்ல என்று திருப்பி அனுப்பக் கூடாது. பெண் காவல் அதிகாரிதான் பதிவு செய்ய வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். பதிய மறுக்கும் அதிகாரிக்கு நியாய சன்ஹிதாவின் 199ஆம் பிரிவின்படி 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை கடுங்காவல் உண்டு. மருத்துவப் பரிசோதனைக்குப் பெண்ணின் ஒப்புதல் தேவை. பெண்ணுறுப்பில் விரல் விட்டு அவள் உறவுக்குப் பழகியவளா என்று பார்க்கும் இரு விரல் சோதனை கூடவே கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022இல் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. அரசு மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ, முதலுதவியும் சிகிச்சையும் இலவசமாகத் தந்தாக வேண்டும். உடனடி உதவிக்கு 112, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098.