சீடர் டெக் எங்கிருந்து மக்கத் தொடங்குகிறது?

போன மழைக்காலம் முடிந்த கையோடு ஒரு வீட்டில் டெக்கை, அதாவது வீட்டுக்கு வெளியே மரப்பலகை பாவிய திறந்த தளத்தை, பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். சீடர் (cedar) என்ற மரத்தின் பலகை போட்டு ஆறு வருடம் ஆகியிருந்தது. வீட்டுக்காரர் வருடம் தவறாமல் எண்ணெய் பூசியவர். மேல்பக்கம் தேன் நிறத்தில் அவ்வளவு அழகாக இருந்தது. "பார்க்க ஒரு குறையும் இல்லை அண்ணே, படி இறங்குகிற இடத்தில் மட்டும் கால் வைத்தால் மெத்தென்று அமுங்குகிறது" என்றார். பலகையின் நுனியில் உளியை வைத்துக் கையால் அழுத்தினேன். நனைந்த சோப்புக்கட்டிக்குள் போவதுபோல் இரண்டு அங்குலம் உள்ளே போய்விட்டது.

பலகைகளின் முனை படிச்சட்டத்தோடு இடைவெளியே இல்லாமல் முட்டிக்கொண்டிருந்தது. மழைநீர் அந்த இடுக்கில் இறங்கினால் காய வழியில்லை. மேல்பக்கத்துக்கு ஆறு முறை எண்ணெய் பூசியிருந்தார்கள், வெட்டிய முனைக்கு ஒருமுறைகூடப் பூசவில்லை. நான் கழற்றிப் பார்த்த சீடர் டெக்குகளில் மக்கிப்போன பலகை பெரும்பாலும் இப்படி முனையிலிருந்துதான் கெட்டிருக்கிறது. நடுப்பலகை கெட்டிருந்தால் அது ஸ்க்ரூ துளையைச் சுற்றி இருக்கும், இல்லையென்றால் வருடக்கணக்கில் நகர்த்தாத பூந்தொட்டிக்கு அடியில் இருக்கும்.

மரத்துக்குள் இருப்பது தண்ணீர் மேலே ஏறுவதற்கான நுண்குழாய்கள். பலகையாக அறுத்த பிறகும் அவை அங்கேயேதான் இருக்கின்றன. மேல்பரப்பில் அவை படுத்துக்கிடக்கின்றன. முனையில் வாயைத் திறந்துகொண்டு நிற்கின்றன. அதனால் முனை குடிக்கிற வேகம் மேல்பரப்பைவிடப் பல மடங்கு அதிகம். மரத்தின் ஈரம் சுமார் 20 சதவீதத்துக்குக் கீழேயே இருந்தால், மக்கவைக்கிற பூஞ்சை அதில் வளராது. நனைவது பற்றிக் கவலைப்பட வேண்டாம், எந்த மரமும் நனையும். நனைந்தது காய்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

"சீடர் மக்காது என்று சொல்லித்தானே விற்றார்கள்?" என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. டெக்குக்கு அதிகமாகப் பயன்படுவது வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரம், பிரிட்டிஷ் கொலம்பியா, வாஷிங்டன், ஓரிகன் பக்கம் வளரும் வெஸ்டர்ன் ரெட் சீடர். தாவரவியல் பெயர் துஜா பிளிகாட்டா. உண்மையில் இது சீடர் இனமே இல்லை, சைப்ரஸ் குடும்பத்து மரம். லெபனான் சீடர், இமயமலைத் தேவதாரு போன்றவைதான் அசல் சீடர்கள். பெயர் இப்படிக் குழம்பிக்கிடப்பதால், வாங்கும்போது "சீடர்" என்று மட்டும் சொல்லாமல் எந்தச் சீடர் என்று கேட்டு, பில்லிலும் எழுதி வாங்குங்கள்.

இந்த மரத்தைப் பூஞ்சையிடமிருந்து காப்பது துஜாப்ளிசின் போன்ற இயற்கைப் பொருட்கள். அவை மரத்தின் நடுவிலுள்ள வைரப்பகுதியில் மட்டுமே இருக்கின்றன. பட்டையை ஒட்டிய வெள்ளைப்பகுதியில் அந்தக் காவல் இல்லை, சாதாரண மென்மரம்போல் அது சீக்கிரம் மக்கிவிடும். எனவே பலகைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள். செம்பழுப்பு வைரம், ஓரத்தில் வெளிர் மஞ்சள் பட்டை ஓடினால் வெள்ளை. அடுக்கின் மேலிருக்கும் நாலு பலகையைக் காட்டிவிட்டு மொத்தத்தையும் ஏற்றி அனுப்புவார்கள், அதற்கு ஒத்துக்கொள்ள வேண்டாம். மழையும் வருடங்களும் சேர்ந்து இந்தக் காவல்பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து வெளியேற்றும் என்பதால், வைரப்பலகைக்கும் பராமரிப்பு வேண்டும்.

அறுப்பையும் கவனியுங்கள். முனையில் தெரியும் வளையக்கோடுகள் ஏறக்குறைய நிமிர்ந்து நின்றால் அந்தப் பலகை குறைவாக வளையும், பூச்சையும் நன்றாகப் பிடிக்கும். விலை கூடுதல்தான், ஆனால் வெயில் நேராக அடிக்கிற டெக்குக்கு அதைத்தான் சொல்வேன். கிளை முளைத்த இடத்தில் தெரியும் கண்கள் சின்னதாக, இறுகி இருந்தால் பரவாயில்லை. ஆடுகிற கண் விழுந்தால் அங்கே ஓட்டைதான்.

சீடர் மென்மையான மரம். ஜான்கா கடினத்தன்மை அளவில் இது சுமார் 350, வெள்ளை ஓக் சுமார் 1360. இரும்பு நாற்காலியின் கால் தழும்பு போடும். அடித்தாங்கு சட்டங்களுக்கு இதை நான் போடுவதில்லை, மக்காமலிருக்க மருந்தேற்றிய பைன் மரம்தான் போடுகிறேன். 25 மில்லிமீட்டர் கனப் பலகை என்றால் சட்டங்களுக்கு நடுவே 40 சென்டிமீட்டருக்கு மேல் விடாதீர்கள். தூண் மண்ணைத் தொடவே கூடாது.

அப்புறம் ஸ்க்ரூ. சீடரில் இருக்கும் டானின் இரும்போடு சேர்ந்தால் கருநீலக் கறை கண்ணீர்போல் ஒழுகும். சட்டத்துக்கு ஏற்றிய மருந்தில் உள்ள தாமிரமும் சாதாரண ஸ்க்ரூவை அரித்துவிடும். மொத்தச் செலவில் ஸ்க்ரூ ஒரு சின்னப் பங்கு, அதில் மிச்சம் பிடிக்காமல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுங்கள். கடற்காற்று படும் இடத்துக்கு 316 ரகம். முனைக்குப் பக்கத்தில் முதலில் துளை போட்டுவிட்டு முடுக்கினால் பலகை பிளக்காது. காய்ந்த பலகைகளுக்கு நடுவே 3 முதல் 5 மில்லிமீட்டர் சந்து போதும். அந்தச் சந்தில் இலைச்சருகு அடைத்துக்கொண்டால் அது ஈரப்பஞ்சுபோல வேலை செய்யும், அடிக்கடி கீறி எடுத்துவிடுங்கள்.

பூச்சு விஷயத்தில் ஒரு பழைய நம்பிக்கை இருக்கிறது: "ஒரு வருடம் வெயில் மழை பட்டு மரம் பழகட்டும், அப்புறம் பூசலாம்." வேண்டாம். வெயிலின் புற ஊதாக் கதிர் மரநார்களை ஒட்டிவைத்திருக்கும் லிக்னினைச் சில வாரங்களிலேயே சிதைக்கத் தொடங்கிவிடும். தளர்ந்த நாரின் மேல் பூசிய எதுவும் நிற்காது. பலகை காய்ந்திருந்தால் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து உடனே பூசுங்கள். மேலே படலமாக நிற்கும் வார்னிஷ் டெக்குக்கு ஒத்துவராது. அது வெடிக்கும், உரியும், உரிந்த இடத்தில் புகுந்த நீரை உள்ளேயே பிடித்துவைக்கும். மரத்துக்குள் இறங்குகிற, கொஞ்சம் நிறமி கலந்த ஸ்டெயின்தான் சரி. அந்த நிறமிதான் வெயிலைத் தடுக்கிறது. மறுபடி பூசும் காலத்தை நாட்காட்டியைப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். நாலு துளி தண்ணீர் தெளியுங்கள். முத்தாக நின்றால் விட்டுவிடலாம், உறிஞ்சினால் பூசவேண்டும்.

சாம்பல் நிறம் வந்துவிட்டதே என்று பலர் பதறிப்போய்க் கூப்பிடுகிறார்கள். சாம்பல் நிறம் மக்கல் அல்ல. அந்த வெள்ளிநிறம் உங்களுக்குப் பிடித்திருந்தால் மேல்பக்கத்தை அப்படியே விட்டுவிடலாம். பிடிக்கவில்லை என்றால் சோடியம் பெர்கார்பனேட் கரைசலும் மென்மையான பிரஷும் போதும். இரும்புக் கறைக்கு ஆக்சாலிக் அமிலம், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு. குளோரின் பிளீச் நாரையே கெடுக்கும். அழுத்த நீர் எந்திரத்தைச் சீடர்மேல் முழு வேகத்தில் ஓட்டினால் மென்மையான பகுதி மட்டும் பறந்து, பலகை சீப்புப்போல ஆகிவிடும்.

இரண்டு அபாயங்களைச் சொல்லாமல் விடமுடியாது. சீடர் தூளில் இருக்கும் பிளிகாடிக் அமிலம் சிலருக்கு ஆஸ்துமாவையே கொண்டுவரும். இந்த மரத்தை அறுப்பவர்களிடம் காணப்படும் தொழில்நோய் அது. அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் நல்ல முகக்கவசம் கட்டாயம். இன்னொன்று, ஆளிவிதை எண்ணெய் போன்றவை கலந்த ஸ்டெயின் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அது காயும்போது வெப்பம் உண்டாகி, நெருப்பே வைக்காமல் தானாகப் பற்றிக்கொள்ளும். வெளியில் விரித்துக் காயவையுங்கள், அல்லது நீர் நிரப்பிய மூடியுள்ள உலோக டப்பாவில் போடுங்கள்.

அந்த வீட்டில் ஐந்து பலகைகளை, அடுத்த சட்டத்தின் நடு வரைக்கும் வெட்டியெடுத்துவிட்டுப் புதுத்துண்டு போட்டோம். படிச்சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவில் 5 மில்லிமீட்டர் விட்டேன். முனைகளுக்கு ஸ்டெயின் பூசும் வேலையை வீட்டுக்காரர் தானே செய்கிறேன் என்று பிரஷை வாங்கிக்கொண்டார். முதல் பூச்சு வைத்த கணமே காணாமல் போயிற்று. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவது பூச்சில்தான் மரம் குடிப்பதை நிறுத்தி, முனை ஈரமாக மினுங்கியது.